தோற்ற ஆட்டத்தைத் திரும்ப ஆடுதல்

போன மாதம் ஒரு பரீட்சையில் ஊத்திக்கிச்சு. ரிசல்ட் மின்னஞ்சலில் வந்த அன்று சாயங்காலமே மனசு சரியில்லை என்று கோ விளையாடப் போனேன். அங்கேயும் தோற்றேன். ஒரே நாளில் ரெண்டு. இந்தப் பதிவு ரெண்டாவது தோல்வியைப் பற்றியது. முதலாவது கடைசியில் வரும்.

கோ என்றால் நம்மூரில் அரசன். ஆனால் இந்த ஆட்டத்தில் ராஜாவும் கிடையாது, மந்திரியும் கிடையாது, எல்லாக் கல்லும் ஒண்ணுதான். குறுக்கே 19 கோடு, நெடுக்கே 19 கோடு, 361 சந்திப்புகள். ஒருவருக்குக் கறுப்பு, ஒருவருக்கு வெள்ளை, மாறி மாறி ஒரு கல். வைத்த கல் நகராது. நாலு பக்கமும் அடைத்துவிட்டால் எடுத்துவிடுவார்கள். கடைசியில் யார் அதிக இடத்தை வளைத்துப் போட்டாரோ அவர் ஜெயித்தார். (வளைத்துப் போடுவதில் நம்ம ரியல் எஸ்டேட்காரர்கள் களமிறங்கினால் ஜப்பான்காரன் காலி :-)) சீனாவில் இதற்கு வெய்ச்சி என்று பெயர், கொரியாவில் பாதுக், ஜப்பானில் இகோ.

இங்கே பெர்லினில் வாரம் ஒரு நாள் ஒரு காஃபிக் கடையில் கோ ஆடுகிறவர்கள் கூடுவார்கள். அங்கே எழுபதைத் தாண்டிய ஒரு பெரியவர்தான் எனக்கு வாத்தியார். எனக்கு ஒன்பது கல் முன்கூட்டியே கொடுத்துவிட்டுத்தான் ஆரம்பிப்பார், அப்படியும் ஜெயிப்பார். அன்றைக்கும் அப்படித்தான். நான் கோட்டை மாட்டக் கிளம்பினேன். "உக்காரு, ஆட்டம் இன்னும் பாதிதான் முடிஞ்சிருக்கு" என்றார். பலகையைத் துடைத்துவிட்டு முதல் கல்லிலிருந்து மறுபடி வைக்க ஆரம்பித்தார். என் கல்லே எனக்கு ஞாபகமில்லை. அவருக்கு ரெண்டு பேர் கல்லும் ஞாபகமிருந்தது.

இது அவர் கண்டுபிடித்த வழக்கம் இல்லை. சீனர்கள் இதை ஃபூபான் என்கிறார்கள், பலகையைத் திரும்ப அமைப்பது என்று பொருள். கொரியாவில் பொக்கி. சென் ஷோ எழுதிய மூன்று அரசுகளின் வரலாற்றில் வாங் சான் என்ற கவிஞரைப் பற்றி ஒரு சம்பவம் வருகிறது. 217-ல் இறந்தவர். யாரோ ஆடிய ஆட்டத்தை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தபோது பலகை கலைந்துவிட, இவர் அப்படியே திரும்ப அடுக்கிக் காட்டினாராம். ஆடியவர்களுக்கு நம்பிக்கை வரவில்லை. அதைத் துணியால் மூடிவிட்டு, வேறொரு பலகையில் மறுபடி அடுக்கச் சொன்னார்கள். ஒப்பிட்டுப் பார்த்தால் ஒரு கல்கூடத் தப்பில்லை.

அது அபார ஞாபகசக்தி. ஆனால் நன்றாக ஆடுகிற யாருமே தன் ஆட்டத்தைத் திரும்ப வைத்துவிடுவார்கள். எப்படி என்று பெரியவரைக் கேட்டேன். ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு காரணம் இருந்தால் அந்தக் காரணம்தான் ஞாபகத்தில் நிற்கும், கல் தானாக வந்துவிடும் என்றார். எனக்கு ஏன் ஞாபகமில்லை என்று அப்போதுதான் புரிந்தது. என்னத்த சொல்ல!

கோ ஆடுகிறவர்கள் மத்தியில் ஒரு பழமொழி உண்டு: முதல் 50 ஆட்டங்களைச் சீக்கிரம் தோற்றுவிடு. நானும் இணையத்தில் சடசடவென்று 50-க்கு மேல் தோற்றேன். ஒரு முன்னேற்றமும் இல்லை. தோற்பது மட்டும் போதாது போலிருக்கிறது.

இந்த விஷயத்தில் பெர்லினுக்கே ஒரு கதை உண்டு. ஆஸ்கர் கோர்ஷெல்ட் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் ஜப்பானில் வேலை பார்த்தபோது முராசே ஷூஹோ என்ற பெரிய ஆட்டக்காரரிடம் கோ கற்று, 1880 வாக்கில் அதைப் பற்றி ஜெர்மனில் எழுதினார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது எட்வர்ட் லாஸ்கர் என்ற இளைஞரின் கண்ணில் பட்டது. இங்கே பொறியியல் படித்தவர், செஸ் பைத்தியம். அப்போது அவர் கோவைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ரெண்டு வருஷம் கழித்து ஒரு காஃபிக் கடையில் ஒரு ஜப்பானியர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அதன் பின்பக்கத்தில் ஒரு கோ ஆட்டத்தின் படம். அவர் போனதும் பேப்பரைச் சுருட்டிக்கொண்டு போனார் லாஸ்கர். நண்பர் மாக்ஸ் லாங்கேயோடு உட்கார்ந்து ஒவ்வொரு கல்லாக வைத்துப் பார்த்தார். ஆட்டம் பாதியில் நின்றிருந்தது, கறுப்பு ஜெயிக்கிற மாதிரிதான் தெரிந்தது. சந்தேகத்தில் இன்னொரு ஜப்பானியரிடம் கேட்டால், கறுப்பு தோல்வியை ஒப்புக்கொண்டு எழுந்துவிட்டார் என்று பதில் வருகிறது!

ஏன்? அதைக் கண்டுபிடிக்க லாஸ்கருக்கு மூன்று வாரம் ஆனது. முகம் தெரியாத ஒருவர் தோற்ற ஆட்டத்தை மூன்று வாரம் முறைத்துப் பார்த்திருக்கிறார் மனுஷன். காரணம் பிடிபட்ட அன்றுதான் இந்த ஆட்டத்தின் ஆழம் அவருக்குப் புரிந்தது. அப்போது செஸ் உலக சாம்பியனாக இருந்த இமானுவேல் லாஸ்கரையும் உள்ளே இழுத்துவிட்டார் (பெயர் ஒன்று, ஆள் வேறு). இவர்கள் கொஞ்சம் தேறிய பிறகு ஒரு ஜப்பானியக் கணித அறிஞர் பெர்லின் வந்தார், ஒன்பது கல் கொடுத்து ஆடுகிறேன் என்றார். உலக சாம்பியனுக்கு ஒன்பது கல்லா? லாஸ்கர் கோஷ்டி கூடிக் கூடிப் பேசி ஆடியது. அப்படியும் தோற்றது. நான் ஒன்பது கல்லில் தோற்பதெல்லாம் ஒரு விஷயமே இல்லை என்று எனக்குப் பரம திருப்தி :-)

எட்வர்ட் பிறகு ஜப்பானுக்கே போய்க் கற்க ஆசைப்பட்டார். வேலை லண்டனில் அமைந்தது, 1914-ல் உலகப்போர் வந்தது, கடைசியில் அமெரிக்காவில் போய் இறங்கினார். அங்கே 1934-ல் ஆங்கிலத்தில் கோ பற்றிப் புத்தகம் எழுதினார்.

நம் காலத்துக்கு வருவோம். 2015 அக்டோபரில் ஐரோப்பிய சாம்பியன் ஃபான் ஹுயி, ஆல்ஃபாகோ என்ற கணினி நிரலிடம் 5-0 என்று தோற்றார். நானாக இருந்தால் வீட்டுக்குப் போய்ப் போர்வையை இழுத்து மூடிக்கொண்டிருப்பேன். அவர் அந்தக் குழுவுக்கே ஆலோசகராகப் போனார். தன்னை வீழ்த்தியதன் ஆட்டங்களை உட்கார்ந்து படித்தார், விளக்கங்கள் எழுதினார்.

2016 மார்ச்சில் சியோலில் லீ செடோல் அதே நிரலோடு மோதினார். மனிதரோடு ஆடினால் ஆட்டம் முடிந்ததும் ரெண்டு பேரும் சேர்ந்து ஃபூபான் செய்வார்கள். இங்கே எதிரே உட்கார்ந்திருந்தவர் நிரல் சொன்ன இடத்தில் கல் வைத்தவர், அவ்வளவுதான். யாரிடம் கேட்பது? ரெண்டாவது ஆட்டத்திலும் தோற்ற அன்று லீ சக ஆட்டக்காரர்களைக் கூட்டிவைத்து இரவெல்லாம் அலசினார். மூன்றாவதும் போனது. நான்காவதில், 78-வது கல்லில் பிடித்தார் பாருங்கள், நிரல் தடுமாறி விழுந்தது. தொடர் 4-1. ஆனால் அந்த ஒன்றைத்தான் இன்றைக்கும் எல்லோரும் பேசுகிறார்கள்.

இப்போது காட்டாகோ மாதிரி நிரல்கள் எந்தக் கல்லில் எத்தனை புள்ளி போனது என்று நொடியில் சொல்லிவிடுகின்றன. ஆனாலும் "இங்க ஏன் வெச்ச?" என்று அவை கேட்பதில்லை. பெரியவர் கேட்கிறார். அன்றைக்கு நான் 140-வது கல் பக்கம் பெரிய கூட்டமொன்றைப் பறிகொடுத்தேன், அதுதான் தப்பு என்று நினைத்தேன். திரும்ப வைக்கும்போது அவர் 31-வது கல்லில் கையை நிறுத்தினார். ஷிச்சோ என்று ஒன்று உண்டு, படிக்கட்டு மாதிரி. மாட்டிய கல்லைக் காப்பாற்ற ஒரு படி ஓடுவோம், அவர் மறிப்பார், இன்னொரு படி ஓடுவோம். ஒவ்வொரு படிக்கும் இழக்கப்போகிற கல் ஒன்று கூடிக்கொண்டே போகும். 31-ல் ஒரு கல்லை விட்டிருந்தால் ஒரு கல்தான் நஷ்டம். மனசு வராமல் ஓடி, அதைச் சமாளிக்க எல்லா இடத்திலும் வளைந்து கொடுத்து, 140-ல் மொத்தமாகப் போனது. வலித்த இடம் வேறு, தப்பு செய்த இடம் வேறு.

இப்போது முதல் தோல்வி. இங்கே திருத்திய விடைத்தாளைப் போய்ப் பார்க்க ஒரு நாள் ஒதுக்குவார்கள், ஐன்ஸிஷ்ட் என்று பெயர். நான் போவதாகவே இல்லை. என்னத்தப் பார்க்கிறது, கடைசி ரெண்டு கேள்வி எழுதவே இல்லை, அதான் ஃபெயில் என்று முடிவு கட்டியிருந்தேன். அந்தப் பாடத்துக்கு மூன்று வாய்ப்புதான், ஏற்கெனவே ஒன்று போய்விட்டது. மூன்றும் போனால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

போனேன். முதல் கேள்வியில் ஒரு மைனஸ் குறியை விட்டிருக்கிறேன். விடை வராமல், விட மனசும் வராமல், ரெண்டரைப் பக்கம் அடித்து அடித்து எழுதியிருக்கிறேன். கடைசி ரெண்டு கேள்விக்கான நேரம் அங்கேதான் போயிருக்கிறது. அதே படிக்கட்டு. அரைமணி நேரம் அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பிப்ரவரியில் மறுபடி எழுதுகிறேன். அதற்கு முன்னால் இந்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்கு ஃபோன் போட்டுச் சொல்லிவிட வேண்டும்.

கொசுறு: நேற்று பெரியவர் எட்டு கல்தான் கொடுத்தார். ஏன் என்று கேட்டேன். போன வாரம் ஆடியதை நானாகவே 50 கல் வரைக்கும் வைத்துக் காட்டினேனாம், அதற்காக. எட்டு கல்லிலும் தோற்றேன் என்பது வேறு விஷயம்.