சிரை நோயும் தமனி நோயும் சேர்ந்திருப்பவர்கள் அழுத்தக் காலுறை அணியலாமா?

வெரிகோஸ் வெயின் எனப்படும் நரம்புச் சுருளுக்கும், அதனால் வரும் கால் வீக்கம், ஆறாத புண் ஆகியவற்றுக்கும் அழுத்தக் காலுறை நல்ல சிகிச்சையாகும். ஆனால், காலுக்கு இரத்தம் கொண்டுவரும் தமனியும் அடைபட்டிருந்தால், அதே காலுறை விரல்களையும் பாதத்தையும் அழுகச் செய்துவிடக்கூடும். எனவே, பரிசோதனை செய்யாமல் கடையில் வாங்கியோ, பிறருடையதைப் பெற்றோ அணியாதீர்கள்.

காரணம் என்ன?

சிரைகள் இரத்தத்தை இதயத்திற்குத் திருப்பி அனுப்புகின்றன. அவற்றின் வால்வுகள் பழுதடைந்தால் இரத்தம் காலில் தேங்கும். காலுறை வெளியிலிருந்து அழுத்தி அதை மேலேற்றுகிறது. தமனி சுருங்கியவருக்குப் பாதத்தை அடையும் இரத்தத்தின் அழுத்தமே குறைவு. குழாயில் நீர் வேகமாக வரும்போது விரலால் அழுத்தினாலும் ஓட்டம் நிற்பதில்லை. மெலிந்து வரும்போது சிறிது அழுத்தினாலே நின்றுவிடும். காலிலும் இதுவே நிகழ்கிறது.

தமனி நோயின் அறிகுறிகள்

• மேட்டில் ஏறும்போது கெண்டைக்கால் இறுகி வலித்தல். நின்றால் சில நிமிடங்களில் தணிதல். கொல்லிமலையில் பலர் இதை ஏற்றத்தின் களைப்பு என்றே எண்ணிவிடுகின்றனர்.
• இரவில் பாதம் வலித்தல். காலைத் தொங்கவிட்டால் தணிதல். சிரை நோயின் வலியோ காலை உயர்த்தினால் தணியும்.
• ஒரு பாதம் மட்டும் மற்றதைவிடக் குளிர்ந்திருத்தல். மலைக்குளிரில் இரு பாதங்களும் குளிரும். ஒன்று மட்டும் குளிர்ந்தால் கவனியுங்கள்.
• விரல் நுனியிலோ குதிகாலிலோ ஆறாத புண்.

பீடி, சிகரெட் பழக்கம் உள்ளவர்கள், நீரிழிவு, இரத்தக் கொதிப்பு உள்ளவர்கள், முதியவர்கள் ஆகியோருக்கு இந்நோய் வரும் வாய்ப்பு அதிகம்.

செய்ய வேண்டிய பரிசோதனை

கணுக்காலின் இரத்த அழுத்தத்தை டாப்ளர் கருவியால் அளந்து, அதைப் புயத்தின் அழுத்தத்தால் வகுக்க வேண்டும். புயத்தில் 140, கணுக்காலில் 98 எனில் விகிதம் 0.7 ஆகும்.

• 0.9 முதல் 1.3 வரை: தமனி ஓட்டம் பொதுவாகப் போதுமானது.
• 0.6 முதல் 0.9 வரை: மருத்துவர் முடிவு செய்யும் குறைந்த அழுத்தம் மட்டுமே, தொடர்ந்த கண்காணிப்பு தேவை.
• 0.6-க்குக் கீழ், அல்லது கணுக்கால் அழுத்தம் 60 மி.மீ. பாதரசத்திற்குக் கீழ்: அணியக் கூடாது. முதலில் தமனி அடைப்புக்குச் சிகிச்சை பெற வேண்டும்.
• 1.3-க்கு மேல்: நீரிழிவில் தமனி இறுகுவதால் இவ்வாறு காட்டலாம். இதை நலம் என்று கொள்ளாமல், கால்விரல் அழுத்தத்தையும் அளக்க வேண்டும்.

செம்மேடு அரசு மருத்துவமனையிலோ அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலோ காலைக் காட்டி, தேவையெனில் நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் பரிந்துரை பெறுங்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டப் பணியாளர் வீட்டிற்கு வரும்போதும் கால் வலியைத் தெரிவியுங்கள்.

மருத்துவர் அனுமதித்தால்

• காலையில் வீக்கம் ஏறுமுன் அணிந்து, இரவில் கழற்றுங்கள்.
• மேல் விளிம்பை மடித்துவிடாதீர்கள். அது கயிறுபோல் இறுக்கும்.
• கழற்றும்போதெல்லாம் விரல்கள், குதிகால், கணுக்கால் எலும்பு, முன்காலின் எலும்பு முகடு ஆகியவற்றைப் பாருங்கள். நீரிழிவால் உணர்ச்சி குறைந்தவருக்குப் புண் வலிக்காது. பராமரிப்பவரே பார்க்க வேண்டும்.
• குளிர்ந்த பாதத்தை அடுப்பருகே நீட்டிக் காய வைக்காதீர்கள். தீப்புண் ஏற்பட்டால் ஆறாது.
• தமனிக்கு மாற்றுப்பாதை அறுவை சிகிச்சை செய்திருந்தால், அறுவை சிகிச்சை நிபுணரைக் கேட்காமல் அணியாதீர்கள்.

உடனே கழற்ற வேண்டிய நிலை

விரல்கள் வெளுத்தல், நீலமாதல், மரத்துப்போதல், வலி மிகுதல், கொப்புளம் தோன்றுதல் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் காலுறையைக் கழற்றி, அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். கழற்றிய பின்னும் நிறம் திரும்பாவிட்டாலோ, கால் திடீரெனக் குளிர்ந்து வெளுத்தாலோ உடனே 108-ஐ அழையுங்கள். அந்நிலையில் காலைக் காப்பாற்றச் சில மணி நேரமே உண்டு. 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து இறங்கும் நேரமும் அதில் அடங்கும். விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

புகைப்பதை நிறுத்துவதும், சர்க்கரையையும் இரத்தக் கொதிப்பையும் கட்டுக்குள் வைப்பதும், மருத்துவர் கூறிய அளவில் நடப்பதும் தமனி நோய் முற்றாமல் தடுக்க உதவும். ஐயங்களுக்கு 104 என்ற எண்ணில் ஆலோசனை பெறலாம்.