உயிர்காத்த தொண்டும் தலைமைப் பொறுப்பும்

ஒரு சங்கம் வெள்ளி விழாக் காணும்போது அதன் தோற்றத்தையும் வளர்ச்சியையும் எண்ணிப் பார்ப்பது மரபு. நம் கல்விச் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளை நிறைவு செய்யும் இவ்வேளையில், நம்மைப் போலவே ஒடுக்கப்பட்ட மற்றொரு மக்கள் தம் கையாலேயே கட்டியெழுப்பிய ஓர் உயிர்காப்புப் பணியின் வரலாற்றை நம் இளைஞர்கள் முன் வைக்க விழைகின்றோம். தொண்டு செய்யும் உள்ளம் மட்டும் ஓர் அமைப்பை வாழ வைக்காது. எந்தப் பொறுப்பை யார் ஏற்பது, நிதியை யார் காப்பது, அடுத்தவரை யார் பயிற்றுவிப்பது என்ற ஒழுங்கும் வேண்டும். அமெரிக்கக் கறுப்பின மக்களின் ஆம்புலன்ஸ் பணி இவ்வுண்மையைத் தெளிவாக எடுத்துரைக்கின்றது.

சவ வண்டியும் போலீஸ் வண்டியும்

1960களில் அமெரிக்காவின் பல நகரங்களில், விபத்துக்கு உள்ளானோரையும் நோயுற்றோரையும் மருத்துவமனைக்குக் கொண்டு சென்றவை ஈமச் சடங்கு நிறுவனங்களின் சவ வண்டிகளே. பென்சில்வேனியா மாநிலத்துப் பிட்ஸ்பர்க் நகரில் போலீஸ் வண்டி அவ்வேலையைச் செய்தது. நோயாளியைத் தூக்கி வண்டியின் பின்புறம் கிடத்திவிட்டுக் காவலர் இருவரும் முன்னிருக்கையில் அமர்ந்து கொள்வர். வழியில் மூச்சு நின்றால் பார்ப்பதற்கு ஆள் இல்லை. அந்நகரின் ஹில் டிஸ்டிரிக்ட் என்னும் பகுதியில் வாழ்ந்த கறுப்பின மக்களுக்கோ அந்தப் போலீஸ் வண்டி விரைந்து வருமென்ற உறுதியும் இல்லை. வந்தால் மதிப்போடு நடத்துமென்ற நம்பிக்கையும் இல்லை.

இக்குறை எளியோரை மட்டும் தாக்கவில்லை. 1966 நவம்பரில், அம்மாநிலத்தின் முன்னாள் ஆளுநர் டேவிட் லாரன்ஸ் பிட்ஸ்பர்க் கூட்டமொன்றில் பேசிக் கொண்டிருக்கையில் மயங்கி விழுந்தார். போலீஸ் வண்டியில் கொண்டு செல்லப்பட்ட அவர் நினைவு திரும்பாமலே அம்மாதத்தில் மறைந்தார். வாயோடு வாய் வைத்து மூச்சு ஊட்டும் முறையின் பயனை உலகுக்கு மெய்ப்பித்துக் காட்டிய மருத்துவர் பீட்டர் சாஃபார் அந்நகரில்தான் பணியாற்றினார். வியன்னாவில் பிறந்த அவர், அதே 1966ஆம் ஆண்டில் தம் சொந்த மகளையும் ஆஸ்துமா நோய்க்குப் பறிகொடுத்திருந்தார்.

'பிரீடம் ஹவுஸ்' தோற்றம்

1967இல் மூன்று தரப்பினர் ஒன்று கூடினர். மருத்துவ அறிவைச் சாஃபார் அளித்தார். மாரிஸ் ஃபால்க் மருத்துவ நிதியத்தின் தலைவர் ஃபில் ஹாலன் நிதிக்கு வழி தேடினார். ஹில் டிஸ்டிரிக்டில் வேலைவாய்ப்புக்காக உழைத்து வந்த பிரீடம் ஹவுஸ் (விடுதலை இல்லம்) என்ற கறுப்பினத்தார் அமைப்பு ஆட்களைத் தந்தது. முதல் அணியில் 25 பேர் சேர்க்கப்பட்டனர். அவர்களுள் பள்ளிப் படிப்பை முடிக்காதவர் உண்டு. வியட்நாம் போரிலிருந்து திரும்பியவர் உண்டு. 'வேலைக்கு உதவாதவர்கள்' என்று ஊரார் ஒதுக்கியவர்களும் அவர்களிடையே இருந்தனர்.

அவர்களுக்குச் சாஃபார் குறைந்த அளவுப் பாடம் வைக்கவில்லை. ஏறத்தாழ 300 மணி நேரம் உடற்கூறு, உடலியங்கியல், உயிர் மீட்பு முறைகள், வண்டி ஓட்டும் பயிற்சி ஆகியவை கற்பிக்கப்பட்டன. 1968இல் இரண்டு வண்டிகளுடன் பணி தொடங்கியது. முதல் ஆண்டில் மட்டும் 5,868 அழைப்புகளுக்குச் சென்று 4,627 பேரை மருத்துவமனையில் சேர்த்தனர்.

1972இல் செய்யப்பட்ட ஆய்வொன்றை நம் இளைஞர்கள் மனத்தில் இருத்த வேண்டும். உயிருக்குப் போராடிய நோயாளிகளுக்கு உரிய சிகிச்சை கிடைத்த அளவு பிரீடம் ஹவுஸ் வண்டிகளில் 89 விழுக்காடு. போலீஸ் வண்டிகளில் 38 விழுக்காடு. அப்பகுதியின் பிற தொண்டர் ஆம்புலன்ஸ்களில் 13 விழுக்காடு. தொண்டர்களிடம் இரக்கம் குறைவாக இருந்தது என்று கொள்ள வேண்டா. பயிற்சிதான் குறைவாக இருந்தது. பயிற்சி இல்லாத இரக்கம் ஆபத்து வேளையில் துணை நிற்பதில்லை.

கைக்கு வராத சாவி

இத்துணைச் சிறப்போடு நடந்த பணி 1975 அக்டோபர் 15ஆம் நாள் முடிவுக்கு வந்தது. காரணம் என்ன? களத்தில் நோயாளிக்கு எது செய்வது என்பதைப் பிரீடம் ஹவுஸ் ஊழியர்களே முடிவு செய்தனர். ஆனால் வண்டிகள் எந்தப் பகுதியில் ஓடலாம், எவ்வளவு பணம் கிடைக்கும் என்பவற்றை முடிவு செய்யும் உரிமை நகராட்சியின் ஒப்பந்தத்தில் இருந்தது. நகர் முழுவதும் பணியை விரிவாக்க மேயர் பீட்டர் ஃபிளாஹர்ட்டி இசையவில்லை. பின்னர் நகராட்சியே தனிப் பணியொன்றைத் தொடங்கி, பிரீடம் ஹவுஸ் ஒப்பந்தத்தைக் கைவிட்டது.

1974இல் மருத்துவ இயக்குநராகப் பொறுப்பேற்ற டாக்டர் நான்சி கரோலின், தம் ஊழியர்களைப் புதிய பணியில் சேர்த்துக்கொள்ள வேண்டுமென வாதாடினார். சேர்க்கப்பட்டனர்; ஆயினும் ஒரே அணியாய் இருந்தவர்கள் பிரிக்கப்பட்டனர். புதிய தேர்வுகளின் பெயராலும் பழைய வழக்குகளின் பெயராலும் பலர் வெளியேற்றப்பட்டனர். 1990களின் இறுதியில் அந்நகரப் பணியில் இருந்தோருள் 98 விழுக்காட்டினர் வெள்ளையர். நாடு முழுமைக்குமான துணை மருத்துவர் பாடத்திட்டமோ கரோலின் அவர்கள் பிரீடம் ஹவுஸில் பெற்ற அனுபவத்தின் மேல் எழுந்தது. பாடம் நிலைத்தது, அதை உண்டாக்கியவர்கள் வீதிக்கு வந்தனர். அறிவு நம்மிடமும் கருவூலச் சாவி பிறரிடமும் இருந்தால் நேர்வது இதுவே.

புரூக்ளின் தொண்டர் படை

இதே முயற்சி வேறு நகரங்களிலும் எழுந்தது. வட கரோலினாவின் வின்ஸ்டன்-சேலம் நகரில் கறுப்புச் சிறுத்தைகள் 1970களின் நடுப்பகுதியில் மக்களுக்கான இலவச ஆம்புலன்ஸ் நடத்தினர். 1972இல் பம்பாயில் தோன்றிய தலித் பேந்தர் இயக்கம் தன் பெயரை அக்கறுப்புச் சிறுத்தைகளிடமிருந்தே பெற்றது என்பதை நம்மவர் அறிவர்.

1988இல் நியூயார்க் நகரத்துப் புரூக்ளினில், பெட்ஃபோர்டு-ஸ்டைவசண்ட் தொண்டர் ஆம்புலன்ஸ் படையை ஜேம்ஸ் 'ராக்கி' ராபின்சன், ஜோ பெரஸ் என்ற இருவர் தொடங்கினர். இருவரும் நகர அவசர மருத்துவப் பணியில் இருந்தவர்கள். தம் பகுதிக்கு வண்டி தாமதமாக வருவதை நேரில் கண்டவர்கள். தொடக்கத்தில் அவர்களிடம் ஆம்புலன்ஸ் இல்லை. வானொலிக் கருவியில் செய்தி கேட்டு, முதலுதவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கால்நடையாகவே ஓடினர். அவர்கள் அத்துடன் நிற்கவில்லை. அப்பகுதி இளைஞர்களுக்கு முதலுதவி கற்பித்துச் சான்றிதழ் பெறச் செய்தனர். அவர்களுள் பலர் பின்னர் ஊதியப் பணிகளுக்குச் சென்றனர். தொண்டர் படை ஒரு பள்ளிக்கூடமாகவும் விளங்கியது.

இரு கைப் பொறுப்பு

அமெரிக்கத் தொண்டர் ஆம்புலன்ஸ் படைகளில் பொதுவாகக் காணும் ஒழுங்குமுறை நம் சங்கங்களுக்கும் பொருந்தும். பொறுப்புகளை அவர்கள் இரண்டாகப் பிரிப்பர். தலைவர், செயலாளர், பொருளாளர், அறங்காவலர் ஆகியோர் நிருவாகத்துக்குரியவர். பணமும் கட்டடமும் ஒப்பந்தமும் அவர்கள் பொறுப்பு. கேப்டன், துணைக் கேப்டன், ஒவ்வொரு வண்டிக்குமான அணித் தலைவர் ஆகியோர் களத்துக்குரியவர். முறை வைப்பதும் பயிற்சியும் நோயாளியைக் கவனிப்பதும் அவர்கள் பொறுப்பு. விபத்து நடந்த இடத்தில் சங்கத் தலைவரே வந்து நின்றாலும் அணித் தலைவர் சொல்லே சொல். அணித் தலைவர் எவ்வளவு திறமையாளராயினும் பணப் பெட்டியை அவர் திறப்பதில்லை. பதவிக்குக் காலவரையறை உண்டு. காலம் முடிந்தால் மீண்டும் தேர்தல்.

இம்முறையில் ஒருவர் சோர்ந்தாலும் பணி சோர்வதில்லை. ஒரே மனிதர் வண்டி ஓட்டி, வசூல் செய்து, கணக்கெழுதி, கூட்டமும் நடத்தும் சங்கம் அவர் படுக்கையில் விழுந்த அன்றே படுத்துவிடும். இதை நம்மூர்ச் சங்கங்கள் பலவற்றில் நாம் கண்டிருக்கின்றோம்.

விதையாய் நின்றவர்

இவ்வரலாற்றின் இறுதிப் பகுதி நம்பிக்கை அளிப்பது. ஜான் மூன் என்ற இளைஞர் பிட்ஸ்பர்க் மருத்துவமனையொன்றில் கடைநிலை ஊழியராக இருந்தார். ஒரு நாள் பிரீடம் ஹவுஸைச் சேர்ந்த கறுப்பினத்தார் இருவர் நோயாளியுடன் உள்ளே வந்து, எல்லாரும் கேட்டு நடக்கும்படி உறுதியோடு பேசியதைக் கண்டார். தாமும் அவ்வாறே ஆக வேண்டுமெனத் துணிந்து அப்பணியில் சேர்ந்தார். 1975க்குப் பின் பலர் வெளியேற்றப்பட்ட நகரப் பணியில் அவர் அவமதிப்புகளைத் தாங்கி நிலைத்து நின்று, துணைத் தலைமைப் பதவி வரை உயர்ந்தார். உயர்ந்தபின் தம் மக்களைத் தேடிச் சென்று பணியில் சேர்த்தார். அவரால் சேர்க்கப்பட்ட அமீரா கில்கிறிஸ்ட் என்ற பெண்மணி, 2023இல் அந்நகர அவசர மருத்துவப் பணியின் தலைவராகப் பொறுப்பேற்றார். அப்பதவிக்கு வந்த முதல் பெண்ணும் முதல் கறுப்பினத்தவரும் அவரே.

அமைப்பு அழிந்து ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழிந்தபின் அதன் விதை முளைத்தது. அமைப்பு அழியாதிருந்தால் எத்தனை பேர் அவ்வழியே வந்திருப்பர் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

சமுதாய இளைஞர்களே! நம் சங்கத்தின் இரவுப் பாடசாலையாயினும், நூலகமாயினும், நாளை நாம் தொடங்கக்கூடிய முதலுதவிக் குழுவாயினும், மூன்று கேள்விகளை முதலிலேயே கேளுங்கள். இதற்குரிய பயிற்சி நம்மிடம் உண்டா? இதன் கணக்கும் நிதியும் நம் கையில் உண்டா? இப்பொறுப்பை அடுத்து ஏற்க நாம் யாரைத் தயார் செய்கின்றோம்? இம்மூன்றுக்கும் விடை சொல்லக்கூடியவர்களாக நீங்கள் வளர்ந்தால், இச்சங்கத்தின் பொன் விழா மலரை எழுதும் உரிமை உங்களுடையதாகும்.