மார்க்கங்களியில் எது மார்க்கம்?

2025 ஜனவரியில் திருவனந்தபுரத்தில் நடந்த பள்ளிக் கலோத்சவத்தின்போதும் அந்தப் பழைய விளக்கம் காதில் விழுந்தது: கேரளச் சுரியானிக் கிறிஸ்தவர்களின் ஆட்டமான மார்க்கங்களியில் நிலவிளக்கைச் சுற்றி அடிவைத்துப் போகும் பாதையே மார்க்கமாம். பரதநாட்டியத்தின் உருப்படி வரிசையான மார்க்கத்தையும் துணைக்கு அழைக்கிறார்கள். பொருந்தாது. ஆட்டத்தின் அடிவைப்புக்கு மலையாளத்தில் சுவடு என்ற சொல் இருக்கிறது. கோல்களி கருவியால் பெயர் பெற்றது, திருவாதிரைக்களி நாளால், கதகளி கதையால். இவற்றுள் அடிவைப்பால் பெயர் பெற்றது எது?

களி நம் சொல்லே. களிப்பும் களிறும் அதன் கிளைகள். மார்க்கம் வடசொல், ஆனால் சமயநெறி என்னும் பொருளில் நம்மிடம் வேரூன்றியது. சரியை முதலிய நான்கு நெறிகளையும் தாசமார்க்கம், சற்புத்திரமார்க்கம், சகமார்க்கம், சன்மார்க்கம் என்று சைவர் வழங்குவர். இஸ்லாமியரும் தம் நெறியை மார்க்கம் என்பர். தமிழ் விவிலியத்தின் அப்போஸ்தலர் நடபடிகளிலும் தொடக்ககாலக் கிறிஸ்தவ நெறி மார்க்கம்தான். கேரளத்தில் ‘மார்க்கம் கூடுதல்’ என்றால் கிறிஸ்தவராதல். இதற்குமேல் என்ன சான்று வேண்டும்?

மார்க்கங்களிப் பாட்டின் பொருளையும் பாருங்கள். சட்டையும் முண்டும் உடுத்து, பின்னால் விசிறிபோல் ஞொறி என்னும் மடிப்பு விரிய, பன்னிருவர் பாடியாடுவது இயேசுவின் சீடர் தோமாவின் கதை. மன்னன் மாளிகை கட்டத் தச்சனைத் தேட, ஆவான் என்னும் வணிகன் தோமாவை அழைத்து வருகிறான். கொடுத்த பொன்னை அவர் ஏழைகளுக்கு வாரி வழங்கிவிடுகிறார். மன்னனின் இறந்து மீண்ட தம்பிதான் அந்த மாளிகையை விண்ணுலகில் கண்டதாகச் சொல்கிறான். நான்கு நற்செய்திகளில் இக்கதை இல்லை. மூன்றாம் நூற்றாண்டில் எதேசா வட்டாரத்தில் சுரியானியில் எழுந்த ‘தோமாவின் பணிகள்’ நூலில் இருக்கிறது. அங்கே மன்னன் குந்தபர், வணிகன் ஹப்பான். பாட்டிலோ மன்னன் சோழனாகிவிட்டான். கெலாசியன் ஆணை எனப்படும் பட்டியல் தள்ளிவைத்த நூல்களுள் ‘தோமாவின் பணிகள்’ நூலும் ஒன்று.

இத்தகைய சுரியானி நூல்கள் கேரளத்திலும் புழங்கின: 1599இல் அங்கே உதயம்பேரூரில் கூடிய சூனகதோசில், அதாவது திருச்சபைப் பேரவையில், பேராயர் மெனெசிஸ் பல சுரியானி ஏடுகளைத் தடைசெய்தார். இயேசுவின் குழந்தைப் பருவக் கதைநூலும் அவற்றுள் ஒன்று. சூனகதோஸ் கிரேக்கச் சொல்லின் சுரியானித் திரிபு. அதன் உள்ளே இருக்கும் ‘ஹொதோஸ்’ என்பதற்கும் வழி என்றே பொருள். சுரியானியில் வழி ‘உர்ஹா’. சுரியானி வேதம் ஓதிய நஸ்ராணிகள் எனப்படும் கேரளக் கிறிஸ்தவர்கள் அந்த உர்ஹாவைத்தான் மார்க்கம் என்று பெயர்த்துக்கொண்டார்கள், அந்த மார்க்கம் இங்கே வந்த கதையைப் பாடும் களியே மார்க்கங்களி என்பது என் துணிபு.