காயாத ஏரி

சிட்லபாக்கம் ஏரிக்கரையில் நடக்கும்போது ஒரு பெரியவர் கேட்டார்: "தம்பி, இந்த ஏரியில கொட்டிக்கிழங்கு எடுத்திருக்கோம், தெரியுமா?" கொட்டி என்றால் என்னவென்றே எனக்குத் தெரியாது. பள்ளியில் மூதுரை மனப்பாடம் செய்து மார்க் வாங்கியவன் நான். வற்றிய குளத்தைவிட்டுப் பறவைகள் போய்விடும். கொட்டியும் ஆம்பலும் நெய்தலும் கூடவே வாடிக் கிடக்கும், உறவென்றால் அதுதான் என்பார் ஔவையார். அறிவுரை என்று நினைத்திருந்தேன். வீட்டுக்கு வந்து தேடியபோதுதான் அதில் தாவரவியலும் இருப்பது புரிந்தது. மூன்றுமே சேற்றில் கிழங்கு விட்டு வேரூன்றுபவை. மேலே இலை காய்ந்தாலும் அடியில் கிழங்கு உறங்கும், மழை வந்தால் எழும்.

நம் ஏரிகளும் அப்படித்தான். பாசனத்துக்குக் கட்டியவை, வடகிழக்குப் பருவமழையில் நிறைந்து கோடையில் வற்றும். வற்றுவது ஏரியின் தோல்வி இல்லை, அதன் டிசைனே அதுதான். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கும் பூக்களில் இரண்டாவதாக வருவது ஆம்பல். புறநானூற்றில் ஒக்கூர் மாசாத்தனார் பாடும் பெண்ணுக்கு இளமையில் ஆம்பல் தழையுடை. கணவனை இழந்தபின் அதன் விதையே உணவு. ஒரு பூ அலங்காரமாகவும் பசியாகவும் இருந்திருக்கிறது.

பிறகு என்ன ஆச்சு? வயல்கள் மனைகளாயின, பாசனம் நின்றது, வீடுகளின் கழிவுநீர் ஏரிக்கு வந்தது. கழிவுநீருக்குக் கோடை கிடையாது. "இப்போ எங்க காய விடறாங்க?" என்றார் பெரியவர்.

காயாத, சத்து மிகுந்த நீர் யாருக்குத் தோது? ஆகாயத்தாமரைக்கு. அமேசானைச் சேர்ந்த இந்தச் செடி பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வங்காளத்தை எட்டியது. அங்கே அதை அகற்றுவதற்கென்றே 1936-ல் சட்டம் போட வேண்டியிருந்தது. ஏதுவான சூழலில் சுமார் இரண்டு வாரத்தில் இரட்டிப்பாகும். எக்ஸ்பொனென்ஷியல் என்றால் என்னவென்று எனக்குக் கல்லூரியைவிட இந்த ஏரி நன்றாகச் சொல்லிக்கொடுத்தது. அமேசான் படுகையிலேயே ரியோ நீக்ரோ என்ற கறுப்பாறு உண்டு. மக்கிய இலைகளின் சாறு கலந்த கறுப்பு அது. சத்து குறைந்த நீர் என்பதால் மிதக்கும் செடிகள் அங்கே அவ்வளவாகப் பெருகுவதில்லை. நம்முடைய கறுப்பு வேறு. அது அவற்றுக்கு விருந்து. மேலே பச்சை மூடினால் அடியில் அல்லிக்கு வெளிச்சம் இல்லை.

2019-ல் நகரமே தண்ணீருக்குத் தவித்த கோடையில் ஏரி வறண்டது. குடியிருப்போர் இறங்கிக் குப்பை அள்ளினார்கள். அதே ஆண்டு அரசு 25 கோடி ரூபாய் அறிவித்தது. 2021-ல் பேரூராட்சி தாம்பரம் மாநகராட்சிக்குள் வந்தது. இந்த ஏரியின் உபரிநீர் செம்பாக்கம் வழியாகப் போய்ச் சேரும் பள்ளிக்கரணை, 2022-ல் ராம்சர் தலமானது. கரை பலமாகிவிட்டது, நடைபாதை வந்துவிட்டது. சந்தோஷம்தான். ஆனால் தூர்வாரும்போது சேற்றோடு கிழங்கும் போகும். திரும்பக் கொண்டுவந்து நட்டாலும் கழிவுநீர் நிற்காதவரை பயனில்லை.

பெரியவரிடம் இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தண்ணி நல்லா இருந்தா அது தானா வரும்பா" என்றார். விதை எங்கிருந்து வரும் என்று கேட்க வாயெடுத்தேன். மதகருகே ஒரு தாழைக்கோழி நீந்திப் போனது. கேட்கவில்லை.