ஃபரூக்நகர் கிளை ரயில்பாதை

டெல்லி–ரேவாரி முதன்மைப் பாதையிலுள்ள கர்ஹி ஹர்சரு சந்திப்பில் பிரிந்து ஃபரூக்நகரில் முடியும் ஒற்றை ரயில்பாதை. நீளம் சுமார் 12 கி.மீ. முழுவதும் ஹரியானாவின் குருகிராம் மாவட்டத்துக்குள் அடங்கும் இப்பாதை வடக்கு ரயில்வேயின் டெல்லி கோட்டத்தைச் சேர்ந்தது. 1873 பிப்ரவரி 14 அன்று டெல்லி–ரேவாரி பாதையுடன் சேர்த்துத் திறக்கப்பட்டது. இந்தியாவில் பொதுப் போக்குவரத்துக்கு வந்த முதல் மீட்டர் கேஜ் தடங்கள் இவையே. சுல்தான்பூர் வட்டாரத்து உப்பை வெளியூர்ச் சந்தைகளுக்குக் கொண்டுசெல்லவே இக்கிளை போடப்பட்டது. உப்புத் தொழில் அரை நூற்றாண்டில் அற்றுப்போனது. பாதையோ பயணிகளையும், அண்மைக் காலத்தில் கார்களையும் சுமந்து இன்றுவரை பிழைத்திருக்கிறது.

அமைவிடம்

டெல்லியிலிருந்து தென்மேற்கே செல்லும் ரயில் சராய் ரோகில்லா, டெல்லி கண்டோன்மென்ட், பாலம், பிஜ்வாசன் நிலையங்களைத் தாண்டி ஹரியானாவுக்குள் நுழைகிறது. குர்கானுக்கு (இன்றைய குருகிராம்) அடுத்தது பசாய் தன்கோட், அதற்கடுத்தது கர்ஹி ஹர்சரு. இங்கிருந்து முதன்மைப் பாதை பட்லி வழியே ரேவாரிக்குச் செல்ல, கிளைப்பாதை மேற்கே விலகுகிறது. இடையில் சுல்தான்பூர் காலியாவாஸ் என்ற சிறு நிறுத்தம் உண்டு. நிலம் சமதளம், சாகிபி ஆற்று வெள்ளமும் நஜஃப்கர் ஏரியின் பெருக்கும் ஒரு காலத்தில் பரவி நின்ற தாழ்வான பகுதி. பாலங்களுக்கோ குடைவுகளுக்கோ பெரிய வேலை வைக்காத நிலம் என்பதால் பாதை போடுவதில் சிரமம் இருக்கவில்லை. கோதுமை, கடுகு, கம்பு ஆகியவை முக்கியப் பயிர்கள்.

ஃபரூக்நகர்

முகலாயப் பேரரசர் ஃபரூக்சியாரின் பெயர் தாங்கிய இந்நகரை 1732-இல் பலூச் தலைவர் ஃபௌஜ்தார் கான் நிறுவினார். எண்கோண வடிவிலான கோட்டைச்சுவர், டெல்லி வாசல், ஜஜ்ஜர் வாசல், பட்லி வாசல், நவாபின் சீஷ் மகால், கௌஸ் அலி ஷா பெயரால் வழங்கும் படிக்கிணறு ஆகியவை அக்கால அடையாளங்கள். 1857 கிளர்ச்சியில் பங்கேற்ற நவாப் அகமது அலி கானை ஆங்கிலேயர் 1858-இல் டெல்லி சாந்தினி சௌக்கில் தூக்கிலிட்டு, அவருடைய நிலங்களையும் பறிமுதல் செய்தனர். சமஸ்தானம் போன பிறகும் நகரம் சந்தை ஊராக நீடித்ததற்குச் சுற்றியிருந்த உப்பளங்கள் முக்கியக் காரணம்.

சுல்தான்பூர் உப்பு

கடல் உப்போ ஏரி உப்போ அல்ல இது. நிலத்தடி உவர்நீரைக் காய்ச்சாமல் வெயிலில் உலர்த்தி எடுத்த கிணற்று உப்பு. சுல்தான்பூர், காலியாவாஸ், இக்பால்பூர், சாத்ரானா முதலிய ஊர்களில் அகன்ற கிணறுகள் வெட்டி, மாடுகளைப் பூட்டி உவர்நீர் இறைத்தனர். சுண்ணாம்புச் சாந்து பூசிய ஆழமில்லாத பாத்திகள் வரிசையாக இருந்தன. முதல் பாத்தியில் விட்ட நீர் சற்று வற்றியதும் அடுத்ததற்கும், அங்கிருந்து அதற்கடுத்ததற்கும் மாற்றப்பட்டது. கடைசிப் பாத்தியில் படிந்த உப்பை வாரி, மேட்டில் குவித்து, அரசின் வரி கட்டிய பிறகே விற்க முடிந்தது. யமுனைக்குக் கிழக்கேயுள்ள ஊர்கள் இதன் பழைய சந்தைகள்.

உப்பு வரி அன்று பிரிட்டிஷ் இந்தியாவின் முக்கிய வருவாய்களுள் ஒன்று. மேற்கிலிருந்து வரி கட்டாத உப்பு நுழையாமல் தடுக்க, சிந்து நதிக்கரையிலிருந்து மகாநதி வரை சுங்கக் காவல் கோடு ஒன்று இருந்தது. சுமார் 2,300 மைல் நீண்ட அதன் பெரும்பகுதி முள்வேலியாகவே வளர்க்கப்பட்டது. 1879-இல் அக்கோடு கைவிடப்பட்டது. அதற்கு வழிவகுத்த ஏற்பாடுகளில் ஒன்று, ஜெய்ப்பூர், ஜோத்பூர் சமஸ்தானங்களிடமிருந்து சாம்பர் ஏரியை அரசு 1870-ஐ ஒட்டிக் குத்தகைக்கு எடுத்தது. உப்பு விளையும் இடத்திலேயே வரி வாங்கிவிட்டால் வேலி எதற்கு என்பது கணக்கு. டெல்லியிலிருந்து ராஜபுதனத்துக்கு ரயில் போட அரசு முனைந்ததில் இந்தக் கணக்குக்கும் பங்குண்டு.

மீட்டர் கேஜ் தேர்வு

1853 முதல் இந்தியாவில் போடப்பட்ட பெரும் பாதைகள் 5 அடி 6 அங்குல அகலம் கொண்டவை. அவற்றுக்கு முதலீடு செய்த தனியார் கம்பெனிகளுக்கு அரசு 5 சதவீத வருமானம் உறுதி தந்திருந்ததால், நட்டம் வரி செலுத்துவோர் தலையில் விழுந்தது. 1869-இல் வைஸ்ராயாக வந்த மேயோ பிரபு, இனி அரசே குறைந்த செலவில் குறுகிய பாதைகளைப் போடும் என்ற கொள்கையைக் கொண்டுவந்தார். அகலம் எவ்வளவு என்பதை ஆராய அமைந்த நால்வர் குழுவில் ஸ்ட்ரேச்சி, டிக்கன்ஸ், ரெண்டல் ஆகிய மூவரும் 2 அடி 9 அங்குலம் போதும் என்றனர். ஃபௌலர் மட்டும் 3 அடி 6 அங்குலம் வேண்டுமென மாறுபட்டார். மேயோ இடைப்பட்ட அளவைத் தேர்ந்தார். இந்தியா மெட்ரிக் அளவைக்கு மாறப்போகிறது என்ற அன்றைய எதிர்பார்ப்பில் அது சரியாக ஒரு மீட்டர் என்று முடிவானது. அளவை மாற்றம் 1950களின் இறுதியில்தான் வந்தது. மீட்டர் கேஜ் அதற்கு முக்கால் நூற்றாண்டு முன்பே நாடெங்கும் பரவிவிட்டது.

அந்த முடிவின் முதல் விளைவு ராஜபுதன அரசு ரயில்வே. 1873-இல் டெல்லி–ரேவாரி–ஃபரூக்நகர், 1874-இல் ஆக்ரா–பாந்திகுயி–ஜெய்ப்பூர், 1875-இல் அஜ்மீர் என்று அது வளர்ந்தது. 1881-இல் டெல்லி–அகமதாபாத் இடையே மீட்டர் கேஜ் தொடர்பு முழுமை பெற்றது. தமிழகத்திலும் இதன் தாக்கம் உடனே தெரிந்தது. 1860களின் தொடக்கத்தில் அகலப்பாதையாகப் போடப்பட்ட நாகப்பட்டினம்–திருச்சி தடம் 1870களில் மீட்டர் கேஜாகக் குறுக்கப்பட்டது. பின்னாளில் தென்னிந்திய ரயில்வேயின் பெரும்பகுதி அதே அகலத்தில் அமைந்தது.

இயக்கம்

முட்டுப் பாதையான கிளையில் ரயில் இயக்குவது, இரு பக்கமும் வண்டி வரும் முதன்மைப் பாதையைவிட எளிது. ஒற்றைத் தடத்தில் எதிரெதிரே இரண்டு வண்டிகள் வராமல் காப்பதுதான் அடிப்படைப் பிரச்சினை. இந்திய ரயில்வேயின் பொது விதிகள் இத்தகைய குறுகிய கிளைகளுக்கு 'ஒரே வண்டி' முறையை அனுமதிக்கின்றன. அதாவது, உள்ளே போன வண்டி திரும்பி வந்து, அதற்குரிய கைத்தடியோ டோக்கனோ ஸ்டேஷன் மாஸ்டரிடம் ஒப்படைக்கப்படும்வரை வேறு வண்டிக்கு அனுமதி இல்லை.

நீண்ட ஒற்றைத் தடங்களில் நீல் பந்து டோக்கன் முறை பல பத்தாண்டுகள் கோலோச்சியது. இரு நிலையங்களிலும் மின்கம்பியால் இணைந்த டோக்கன் பெட்டிகள் இருக்கும். மணியடித்து லைன் கிளியர் (தடம் காலி என்ற ஒப்புதல்) கேட்டு, அடுத்த நிலையம் சம்மதித்தால்தான் பெட்டியிலிருந்து ஓர் எஃகுப் பந்து விழும். பந்தை ஒரு தோல்பையில் போட்டு, அதைப் பெரிய பிரம்பு வளையத்தில் கட்டி, பாயிண்ட்ஸ்மேன் பிளாட்பாரத்தில் உயர்த்திப் பிடித்து நிற்பார். ஓடும் எஞ்சினிலிருந்து ஓட்டுநரோ ஃபயர்மேனோ வளையத்துக்குள் கையை நுழைத்து அதை வாங்கிக்கொள்வார். கொண்டுபோன பந்து மறுமுனைப் பெட்டிக்குள் விழும்வரை இரண்டு பெட்டிகளும் பூட்டிக்கொள்ளும். இன்னொரு பந்தை யாராலும் எடுக்க முடியாது.

கிளையின் முனையத்தில் எஞ்சினைத் திருப்பும் வேலையும் உண்டு. வந்த வண்டியிலிருந்து எஞ்சினைக் கழற்றி, பக்கத்துத் தடம் வழியே மறுமுனைக்குக் கொண்டுவந்து மாட்டவேண்டும். திருப்புமேடை இல்லாத இடங்களில் நீராவி எஞ்சின் பின்பக்கமாகவே ஓடித் திரும்பியது. இரு முனைகளிலும் ஓட்டுநர் அறை கொண்ட டெமு (டீசல்), மெமு (மின்சார) வண்டிகள் இந்தச் சிரமத்தைத் தீர்த்தன.

இப்பகுதி மீட்டர் கேஜ் எஞ்சின்களின் தாய்வீடு ரேவாரி. அங்கு 1893-இல் கட்டப்பட்ட நீராவி எஞ்சின் கொட்டகை இன்று பாரம்பரிய அருங்காட்சியகமாக இயங்குகிறது. ராஜபுதன அரசு ரயில்வேயின் வாரிசான ராஜபுதன–மால்வா ரயில்வேக்காக 1895-இல் அஜ்மீர் பணிமனையில் உருவான எஃப்-734, முழுவதும் இந்தியாவிலேயே கட்டப்பட்ட முதல் எஞ்சின். அதை டெல்லி சாணக்கியபுரியிலுள்ள தேசிய ரயில் அருங்காட்சியகத்தில் காணலாம்.

நிர்வாக மாற்றங்கள்

ராஜபுதன அரசு ரயில்வே 1882-இல் ராஜபுதன–மால்வா ரயில்வேயாக மாறியது. 1885 முதல் பம்பாய், பரோடா, மத்திய இந்திய ரயில்வே கம்பெனி அதை அரசுக்காக நடத்தியது. விடுதலைக்குப் பின் ரயில்வே மண்டலங்கள் அமைக்கப்பட்டபோது டெல்லி–ரேவாரிப் பகுதி 1952-இல் வடக்கு ரயில்வேக்கு வந்தது. 1966-இல் ஹரியானா தனி மாநிலமானதும் பஞ்சாபின் குர்கான் மாவட்டமும், அத்துடன் இக்கிளையும் அம்மாநிலத்தில் அடங்கின.

உப்பின் சரிவு

சுல்தான்பூர் உப்புக்குச் சந்தையைத் திறந்துவிட்ட ரயில்வேயே அதற்குப் போட்டியையும் கூட்டிவந்தது. அடுத்த சில ஆண்டுகளில் சாம்பர் ஏரிக்கும் தடம் போய்ச் சேர்ந்தது. ஏரியில் இயற்கையாக உறையும் சாம்பர் உப்பு தூய்மையானது. மாடு கட்டி இறைக்க வேண்டாததால் மலிவானதும்கூட. வட்டாரங்களுக்கிடையே வேறுபட்டிருந்த வரி 1882-இல் மணங்குக்கு 2 ரூபாய் என ஒரே மட்டமாக்கப்பட்டு, 1888-இல் இரண்டரை ரூபாயாக உயர்ந்தது. அடக்கவிலை குறைந்த உப்புதான் இந்த வரியைத் தாங்க முடிந்தது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கிணறுகள் ஒவ்வொன்றாகக் கைவிடப்பட்டன; 1920களில் உற்பத்தி நின்றது. உப்பு இறைத்தவர்களும் ஏற்றியவர்களும் வேறு பிழைப்புத் தேடினர். உவர் ஏறிய நிலம் வேளாண்மைக்கும் உடனே உதவவில்லை.

மழைநீர் தேங்கிய சுல்தான்பூர் பள்ளம் மட்டும் வேறு வகையில் பெயர் பெற்றது. டெல்லியில் செய்தியாளராக இருந்த பறவை ஆர்வலர் பீட்டர் ஜாக்சன் பிரதமர் இந்திரா காந்திக்கு எழுதியதைத் தொடர்ந்து, 1970களின் தொடக்கத்தில் அது பறவைகள் சரணாலயமானது. பின்னர் தேசியப் பூங்காவாக உயர்ந்து, 2021-இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்றது.

அகலப்பாதை மாற்றம்

உப்பு போன பிறகு கிளைக்கு மிஞ்சியவை தானியமும் பயணிகளும். 1992-இல் தொடங்கிய ஒரே அகலத் திட்டத்தின்கீழ் டெல்லி–ஜெய்ப்பூர்–அகமதாபாத் வழித்தடம் 1990களில் அகலப்பாதையானது. முதன்மைப் பாதை மாறிய பின் கிளை மட்டும் மீட்டர் கேஜில் நின்றால் டெல்லிக்கு நேரடி வண்டி விட முடியாது. சரக்கையும் சந்திப்பில் இறக்கி ஏற்ற வேண்டும். நாட்டின் பல சிறு கிளைகள் இப்படித்தான் தனித்துவிடப்பட்டு மூடப்பட்டன. ஃபரூக்நகர் கிளை 2011-இல் அகலப்பாதையாக மாற்றப்பட்டு அந்தக் கதியிலிருந்து தப்பியது.

ஒப்பிடத்தக்க பாதைகள்

டெல்லியை ஒட்டிய மற்றொரு கிராமப்புறப் பாதை ஷாதரா–சகாரன்பூர் இலகு ரயில்வே. மார்ட்டின் கம்பெனி 1907-இல் திறந்த இப்பாதை 762 மி.மீ. அகலமுடையது. சுமார் 150 கி.மீ. தொலைவுக்கு பாக்பத், படௌத், ஷாம்லி ஊர்களை இணைத்தது. பேருந்துப் போட்டியில் நட்டப்பட்டு 1970-இல் நின்றுபோய், பின்னர் அதே வழியில் அகலப்பாதை போடப்பட்டது.

உப்புக்கும் ரயிலுக்கும் உள்ள உறவில் ஃபரூக்நகருக்கு நெருங்கிய தமிழ்நாட்டு இணை திருத்துறைப்பூண்டி–அகஸ்தியம்பள்ளிக் கிளை. வேதாரண்யம் உப்பை ஏற்றிவந்த இந்த 37 கி.மீ. மீட்டர் கேஜ் பாதை, அகலப்பாதையாகி 2023 ஏப்ரலில் மீண்டும் திறக்கப்பட்டது. அங்கு உப்பளங்கள் இன்றும் உயிருடன் இருப்பதால் பழைய சரக்கே புதிய பாதைக்கும் நியாயம் சொல்லிற்று.

ஜெர்மனியில் இத்தகைய கிளைகள் பல 1950களுக்குப் பிறகு கார்களிடம் தோற்று மூடப்பட்டன. 1990களில் வட்டார ரயில் பொறுப்பு மாநிலங்களுக்குக் கைமாறியதும் சில உயிர்பெற்றன. பியோப்லிங்கன்–டெட்டன்ஹவுசன் இடையிலான 17 கி.மீ. ஷோன்பூக் கிளை, முப்பதாண்டு இடைவெளிக்குப் பின் 1996-இல் பயணிகளுக்குத் திறக்கப்பட்டது.

இன்றைய நிலை

கிளையில் நாளொன்றுக்கு ஒரு சில பயணிகள் வண்டிகளே ஓடுகின்றன. சீசன் டிக்கெட்டில் குர்கானுக்கும் டெல்லிக்கும் வேலைக்குச் செல்வோர் இவற்றின் முதன்மைப் பயணிகள். இவ்வட்டாரத்தில் ரயிலின் தேவை எத்தகையது என்பதற்கு அருகிலுள்ள தாஜ்நகர் சான்று. முதன்மைப் பாதையை ஒட்டிய அவ்வூர் மக்கள் தாமே சுமார் 20 லட்சம் ரூபாய் திரட்டிக் கட்டிய நிறுத்தம் 2010-இல் திறக்கப்பட்டது.

சரக்கில் உப்பின் இடத்தைக் கார்கள் பிடித்துள்ளன. மானேசர், குருகிராம் ஆலைகளைக் கொண்ட மாருதி சுசுகி 2013-இல் வாகனச் சரக்கு ரயில் இயக்கும் உரிமம் பெற்றது. அது கார் ஏற்றும் முனையங்களில் ஃபரூக்நகரும் ஒன்று. ஈரடுக்கு ரேக் ஒன்றில் 300-க்கும் மேற்பட்ட கார்கள் ஏறும்.

2020-இல் ஒப்புதல் பெற்ற ஹரியானா சுற்றுவட்ட ரயில் வழித்தடம், பல்வலிலிருந்து மானேசர் வழியே சோனிபத் செல்லும்படி திட்டமிடப்பட்டு, பட்லியில் டெல்லி–ரேவாரிப் பாதையுடன் இணைகிறது. ஃபரூக்நகர் தடத்தை ஜஜ்ஜர் வழியாகச் சர்க்கி தாதரி வரை நீட்டிக்கும் யோசனை நெடுங்காலமாக உள்ளது. அது நிறைவேறினால் ஃபரூக்நகர் முனையமாக இல்லாமல் வழிநிலையமாகும். டெல்லியைத் தொடாமல் மேற்கு ஹரியானாவுக்குச் சரக்கு செல்ல மாற்று வழியும் கிடைக்கும்.