இரண்டு கையெழுத்து

கல்லூரியில் இடம் கிடைக்குமா என்று காத்திருக்கும் வீட்டை அடையாளம் கண்டுகொள்வது சிரமமில்லை. அங்கே யாரும் உரக்கப் பேசமாட்டார்கள். டெலிபோன் மணி அடித்தால் மட்டும் நாலு பேர் ஓடுவார்கள். அம்பத்தூரில் எங்கள் வீட்டுக்கு மூன்றாவது வீடு இந்த ஆனி மாதம் முழுவதும் அப்படித்தான் இருந்தது. அந்த வீட்டுப் பெண் தெற்கே ஓர் என்ஜினீயரிங் கல்லூரியில் இரண்டு வருஷம் படித்தவள். தகப்பனாருக்குப் பக்கவாதம். வீட்டோடு இருந்து படிக்கவேண்டிய நிலைமை வந்துவிட்டது. ஆவடிப் பக்கத்துக் கல்லூரி ஒன்றுக்கு மாற்றல் கேட்டு மனுப் போட்டிருந்தாள்.

புதிதாகச் சேருவது ஒரு விதக் கவலை. மாற்றல் கேட்பது வேறு விதக் கவலை. புதிதாகச் சேருகிறவரிடம் மார்க்கைக் கேட்கிறார்கள், அவ்வளவுதான். மாற்றல் கேட்பவருக்கோ இரண்டு இடத்துக் கையெழுத்து வேண்டும். போக விடுகிறோம் என்று ஒருவர் எழுதவேண்டும்; வர விடுகிறோம் என்று இன்னொருவர் எழுதவேண்டும். இரண்டு சம்பந்திகளையும் ஒரே நாளில் திருப்தி செய்வது போன்ற காரியம் அது.

எங்கள் தெருக்கோடியில் இலங்கைத் தமிழர் ஒருவர் இருக்கிறார். ஊர் பருத்தித்துறைப் பக்கம். அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் லேத் பட்டறைகளில் முப்பது வருஷம் உழைத்து ஓய்ந்தவர். மாலையில் நடக்கப் புறப்படும்போதெல்லாம் அந்த வீட்டு வாசலில் நின்று, "கடிதம் வந்ததோ பிள்ளை?" என்று கேட்டுவிட்டுத்தான் போவார். இவ்வளவு அக்கறை எதற்கு என்று ஒரு நாள் கேட்டேன்.

"நானும் மாற்றல் கேட்டவன்தான் தம்பி. எண்பத்து மூன்றாம் ஆண்டு" என்றார்.

நம்மில் பலருக்கு 1983 என்றால் ஜூலை மாதத்துத் தீயும் கொள்ளையும் ஞாபகம் வரும். அந்தத் தீயின் ஓரத்தில் ஒரு மாற்றல் மனு கிடந்தது என்பதை நான் அன்றுதான் நினைத்துப் பார்த்தேன்.

இலங்கையில் சர்வகலாசாலை இடம் என்பது அதற்கு வெகு முன்பே புண்ணாகிப் போன விஷயம். 1971-ல் வைத்தியப் படிப்பில் சேர, தமிழில் பரீட்சை எழுதியவன் 400-க்கு 250 மார்க் வாங்கவேண்டியிருந்தது. சிங்களத்தில் எழுதியவனுக்கு 229 போதும். பிறகு இந்த ஏற்பாடு 'தரப்படுத்தல்' என்ற பெயரில் பல உருவங்கள் எடுத்தது. 1974-ல் மாவட்ட வாரியான பங்கீடும் சேர்ந்துகொண்டது. பின்தங்கிய மாவட்டத்துப் பிள்ளைக்கு ஒரு வழி வேண்டாமா என்று அரசாங்கத்தின் தரப்பில் கேட்டார்கள். மாவட்டப் பங்கீட்டுக்கு அந்த நியாயம் பொருந்தலாம். எழுதிய பாஷையைப் பார்த்து மார்க்கை உயர்த்துவதற்கு அது எப்படிப் பொருந்தும்? யாழ்ப்பாணத்து வீடுகளில் அந்த 21 மார்க்கை யாரும் மறக்கவில்லை.

இப்படிப் பட்ட சல்லடையில் தப்பித்தான் நம் பெரியவர் பேராதனையில் பொறியியல் படிக்கப் போனார். கண்டிக்கு அருகில், மகாவலி நதி நடுவே ஓடும் அழகான வளாகம் அது. 1983 மே மாதத்தில் அங்கே தமிழ் மாணவர்கள் தாக்கப்பட்டார்கள், விடுதிகளிலிருந்து விரட்டப்பட்டார்கள். இரண்டு மாதத்தில் ஜூலைக் கலவரம் நாடெங்கும் பரவியது. உடுத்திய துணியோடு வடக்கே வந்து சேர்ந்த மாணவர்கள், "இனி அங்கே போகமாட்டோம், எங்களை யாழ்ப்பாணப் பல்கலைக் கழகத்திலேயே சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று கேட்டார்கள்.

யாழ்ப்பாணத்தில் வளாகம் ஏற்பட்டது 1974-ல். 1979-ல் அது தனிப் பல்கலைக் கழகமாயிற்று. வைத்திய பீடம் 1978-லேயே வந்துவிட்டது. கலை உண்டு, விஞ்ஞானம் உண்டு. பொறியியல் மட்டும் கிடையாது! அது கிளிநொச்சியில் வந்து சேர, 2009-ல் யுத்தம் முடியவேண்டியிருந்தது. இடையில் ஒரு வேடிக்கை: பேராதனையில் பொறியியல் பேராசிரியராக இருந்த துரைராசா 1988-ல் யாழ்ப்பாணத்தின் துணைவேந்தரானார். ஆசிரியர் வந்துவிட்டார், அவர் கற்பித்த பாடம் வரவில்லை.

"இல்லாத வீட்டின்ர கதவைத்தான் நான் தட்டிக்கொண்டு இருந்தனான்" என்றார் பெரியவர். புதிய பீடம் திறப்பார்கள் என்று ஒரு வாரம் பேச்சு. தற்காலிக ஏற்பாடு செய்வார்கள் என்று மறு வாரம் பேச்சு. காத்திருப்பவனுக்கு வதந்திதானே ஆகாரம்? அவருடைய தாயார் தபால்காரர் வரும் நேரத்துக்குச் சரியாக வாசல் தெளிப்பாராம்.

1984 ஜனவரியில் யாழ்ப்பாணப் பல்கலைக் கழக வளாகத்தில் மாணவர்களும் மாணவிகளும் சாகும்வரை உண்ணாவிரதம் தொடங்கினார்கள். தெற்கே திரும்ப முடியாத மாணவர்களுக்கு மாற்று வழி செய்யவேண்டும் என்பது கோரிக்கை. நாட்கள் சென்றன; உடல்கள் தளர்ந்தன; பதில் வரவில்லை. கடைசியில் விடுதலைப் புலிகள் வந்து உண்ணாவிரதம் இருந்தவர்களைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அவர்களில் ஒரு மாணவி பின்னால் அந்த இயக்கத் தலைவரின் மனைவியானார். படிப்புக்கு இடம் கேட்டு உட்கார்ந்தவர்கள் எழுந்தபோது வேறு ஒரு கதைக்குள் இருந்தார்கள். ஒரு குமாஸ்தாவின் மேஜையில் முடிந்திருக்கவேண்டிய விஷயம் அது என்று எனக்குத் தோன்றுகிறது.

பேராதனைக்கே திரும்பிப் போய்ப் படிப்பை முடித்தவர்களும் உண்டு. நம் பெரியவருக்குத் துணிவு வரவில்லை. படகேறி ராமேசுவரம் வந்தார். தமிழ்நாட்டில் இலங்கைத் தமிழ் மாணவர்களுக்கு அப்போது தொழிற்கல்லூரிகளில் இடம் ஒதுக்கினார்கள். ஆனால் பழைய சான்றிதழ்கள் பேராதனையில் இருந்தன. போக விடுகிறோம் என்ற அந்த முதல் கையெழுத்தை யாரிடம் கேட்பது? விரட்டிய இடத்துக்கே எழுதினார். பதில் இல்லை. பட்டறைக்குப் போய்விட்டார்.

1991 மே மாதம், எங்கள் பூந்தமல்லி வழியாகச் செல்லும் அதே சாலையில், ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். அதன் பிறகு அகதிப் பிள்ளைகளுக்குக் கல்லூரிக் கதவுகள் சாத்தப்பட்டன. குண்டுவெடிப்பில் சம்பந்தமில்லாத பிள்ளைகள் புழல் முகாமிலும் பிற முகாம்களிலும் மார்க் பட்டியலை வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். 1996-ல்தான் மறுபடி வழி பிறந்தது. ஐந்து வருஷம் என்பது சரித்திரப் புஸ்தகத்தில் அரை வரி. பதினேழு வயதில் அதுதான் முழு வாலிபம்.

போன வாரம் அந்தப் பெண்ணுக்கு ஒரு கையெழுத்துக் கிடைத்துவிட்டது. மற்றது கிடைக்கவில்லை. "முடியாது என்று சொல்லிவிட்டால் என்ன சார் பண்ணுவது?" என்று தாயார் என்னிடம் கண் கலங்கினார். நான் விழித்தேன். பக்கத்தில் நின்ற பெரியவர்தான் சொன்னார்:

"முடியாது எண்டு எழுதினாலும் அது ஒரு பதில் அம்மா. வேற வழி பார்க்கலாம். எனக்கு அதுவும் வரேல்லை."

சொல்லிவிட்டுத் தம் நடையைத் தொடர்ந்தார். மறுநாள் மாலையும் வாசலில் அவர் குரல் கேட்டது: "கடிதம் வந்ததோ பிள்ளை?"