வெள்ளி மின்வாயும் மேற்கோள் கணக்கும்: ரிச்சர்ட் வான் டைனின் ஆய்வுத்தடம்

கல்கத்தாவில் 1928-இல் சி. வி. இராமனும் கே. எஸ். கிருஷ்ணனும் கண்ட ஒளிச்சிதறல், மூலக்கூறுகளை இனங்காண மிகச் சிறந்த வழி. ஆனால் அது மிக மங்கலானது. விழும் ஒளித்துகள்களில் ஏறத்தாழ கோடிக்கு ஒன்றுதான் நிறம் மாறிச் சிதறும். 1960-இல் லேசர் வந்த பிறகும், உலோகப் பரப்பில் ஒட்டியிருக்கும் ஒற்றை மூலக்கூறு அடுக்கின் நிறமாலையைப் பதிவுசெய்வது நடவாத காரியம் என்றே பலர் நினைத்தனர். அந்த எண்ணத்தை மாற்றியவர்களுள் முதன்மையானவர் அமெரிக்க வேதியியலர் ரிச்சர்ட் வான் டைன் (1945–2019). அவருடைய கட்டுரைகளுக்குக் கிடைத்த மேற்கோள்கள் எந்தக் காலத்தில், எதற்காகப் பெருகின என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

முனைவர் பட்டத்தை 1971-இல் வட கரோலினாப் பல்கலைக்கழகத்தில் பெற்ற அவர், அதே ஆண்டில் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து இறுதிவரை அங்கேயே பணியாற்றினார். மின்வேதியியலில் பயின்றவர் என்பதால் மின்வாயில் நடப்பதை ஒளியால் பார்க்க விரும்பினார். இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் பிளைஷ்மன், ஹெண்ட்ரா, மெக்குவில்லன் மூவரும் 1974-இல் ஒரு வியப்பான செய்தியை வெளியிட்டிருந்தனர். மின்னோட்டத்தால் சொரசொரப்பாக்கிய வெள்ளி மின்வாயில் ஒட்டிய பிரிடின் மூலக்கூறுகள், தெளிவான இராமன் கோடுகளைக் காட்டின. பரப்பு கூடியதால் மூலக்கூறுகளும் கூடின, ஆகவே ஒளியும் கூடியது என்பது அவர்கள் தந்த விளக்கம்.

அந்த விளக்கம் கணக்குக்கு ஒத்துவரவில்லை. வான் டைனும் அவருடைய மாணவர் டேவிட் ஜீன்மேரும் கரைசலில் உள்ள பிரிடின் ஒவ்வொரு மூலக்கூறுக்கும் தரும் ஒளியையும் வெள்ளியில் ஒட்டிய பிரிடின் தரும் ஒளியையும் ஒப்பிட்டு விகிதம் கண்டனர். ஒரு இலட்சம் முதல் பத்து இலட்சம் மடங்கு வரை பெருக்கம் தெரிந்தது. பரப்பை மிதமாகச் சொரசொரப்பாக்கினாலே வலுவான ஒளி கிடைத்தபோது, பரப்பளவு வாதத்துக்கு இடமில்லாமல் போயிற்று. வெள்ளியின் அருகே உருவாகும் மின்புலமே காரணமாகலாம் என்று 1977-இல் எழுதினர். கென்ட் பல்கலைக்கழகத்தின் ஆல்பிரெக்ட், கிரைட்டன் இருவரும் அதே ஆண்டில் இத்தகைய பெருக்கத்தைத் தனியே அறிவித்தனர். உலோகத்தின் எலக்ட்ரான்கள் கூட்டாக அலையும் பிளாஸ்மான் விளக்கத்தை 1978-இல் மார்ட்டின் மாஸ்கோவிட்ஸ் முன்வைத்தார்.

1974, 1977 கட்டுரைகள் இரண்டுமே இன்று பல ஆயிரம் மேற்கோள்களைப் பெற்றவை. முதலாவது நிகழ்வைக் கண்டது, காரணத்தைத் தவறவிட்டது. இரண்டாவது அளந்து காட்டியது. மேற்கோள் பட்டியல் இந்த வேறுபாட்டைக் காட்டுவதில்லை. இரண்டையும் ஒரே அடிக்குறிப்பில் சேர்த்துப் போடுவதே வழக்கமாகிவிட்டது.

எண்பதுகளின் பிற்பகுதியில் இந்தப் பரப்பு இராமன் ஆய்வுத் துறையின் வேகம் தளர்ந்தது. சொரசொரப்பான பரப்பு ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விதமாக அமைந்ததால் ஒருவர் பெற்ற முடிவை மற்றவர் மீண்டும் பெற இயலவில்லை. வான் டைன் துறையை விட்டு விலகவில்லை. சிக்கல் பரப்பிலேயே இருக்கிறது என்று கண்டு, நுண்ணிய கோளங்களை நெருக்கமாக அடுக்கி, அவற்றின் இடைவெளிகள் வழியே வெள்ளியைப் படியவைத்து, ஒழுங்கான முக்கோணத் துகள்களை உருவாக்கினார். 1995-இல் சக ஆய்வாளர் ஹல்டீனுடன் வெளியிட்ட இந்த முறையால், துகளின் அளவையும் வடிவையும் ஆய்வாளரே தீர்மானிக்க முடிந்தது. அவருடைய வாழ்வில் நான் மிகவும் மதிக்கும் பகுதி, மேற்கோள் வெளிச்சம் குறைந்திருந்த இந்த ஆண்டுகள்தான்.

1997-இல் க்னைப் குழுவும், நீ, எமரி இருவரும் ஒற்றை மூலக்கூறின் இராமன் நிறமாலையை அறிவித்ததும் துறைக்கு மறுவாழ்வு வந்தது. கண்டது உண்மையிலேயே ஒற்றை மூலக்கூறுதானா என்ற ஐயம் எழுந்தது. அதற்கு வான் டைன் குழு 2007-இல் தெளிவான சான்று தந்தது. ரோடமின் சாயத்தின் சாதாரண வடிவையும், சில ஹைட்ரஜன்களுக்குப் பதில் டியூட்டீரியம் சேர்த்த வடிவையும் கலந்து பார்த்தனர். இரண்டும் கலந்து தெரியாமல் பெரும்பாலும் ஏதேனும் ஒன்றே தெரிந்தது. குளுக்கோஸ் உணரிகள் முதல், சிகாகோ கலைக்கூடத்தில் ரெனுவார் ஓவியத்தின் வெளிறிய சிவப்பைக் கண்டறிந்தது வரை பயன்பாடுகள் விரிந்தன.

மேற்கோள்கள் எங்கே குவிந்தன என்பதும் கவனிக்கத்தக்கது. சக ஆய்வாளர் விலட்ஸுடன் 2007-இல் எழுதிய திறனாய்வுக் கட்டுரையும், உயிரி உணரிகள் பற்றி 2008-இல் வந்த திறனாய்வும் ஆயிரக்கணக்கில் மேற்கோள் பெற்றன. அவருடைய எச்-குறியீடு 100-ஐத் தாண்டியது; அதாவது, நூற்றுக்கும் மேற்பட்ட கட்டுரைகள் ஒவ்வொன்றும் நூற்றுக்கும் மேற்பட்ட மேற்கோள்களைப் பெற்றன. திறனாய்வுகள் துறைக்குள் நுழைவோருக்கு வழிகாட்டுவதால் எண்ணிக்கை அங்கே ஏறுவது இயல்பே. எனினும் அவருடைய தகுதியை நிறுவுவது 1977-இன் விகிதக் கணக்கு. அதற்குத் தொடர்ச்சி 1995-இன் ஒழுங்கான பரப்பு. இத்துறையில் ஆய்வு தொடங்கும் மாணவர்கள் 1977 கட்டுரையைத் தம் பட்டியலில் சேர்ப்பதற்கு முன், அந்தக் கணக்கை ஒருமுறை தம் கையால் போட்டுப் பார்க்க வேண்டும்.